இல்லை என்று எழுதும் கணக்கு

கணக்கெழுதிப் பிழைப்பவர்களுக்கு ஓர் உண்மை நாளடைவில் தானே விளங்கிவிடும். வந்ததை எழுதுவது எளிது. வராததை எழுதுவது அரிது. தோட்டத்துச் செக்ரோலில் வேலைக்கு வந்தவன் பெயருக்கு நேரே ஓர் அடையாளம் விழுகிறது. வராதவன் பெயருக்கு நேரேயும் ஓர் அடையாளம் விழுகிறது. பின்னதை எழுதும்போதுதான் கிராணியின் நேர்மைக்குச் சோதனை. அவன் மெய்யாகவே வரவில்லையா, அல்லது பெரட்டுக் களத்தின் கோடியில் நின்றவனை நாம் பாராமல் விட்டோமா என்று ஒருமுறைக்கு இருமுறை விசாரித்தே எழுத வேண்டும். ஒரு கோட்டினால் ஒரு குடும்பத்தின் ஒருநாள் கூலி போய்விடும். முன்னாளில் மையும் பேனாவும் கொண்டு எழுதினார்கள். இந்நாளில் கணிப்பொறியில் தட்டுகிறோம். தருமம் மாத்திரம் மாறவில்லை.

இத்தகைய செக்ரோல் ஒன்றை விஞ்ஞானிகள் பூமிக்கடியில் இருந்துகொண்டு பல்லாண்டுகளாக எழுதி வருகிறார்கள். அதிலுள்ள ஒரு பெயருக்குரியவர் இதுகாறும் ஒருநாளேனும் வேலைக்கு வந்ததில்லை. ஆயினும் அவர்கள் அப்பெயரை அடித்துவிடவுமில்லை; வந்ததாகப் பொய்க்கணக்கு எழுதவுமில்லை. அப்பெயர் 'விந்தைப் பொருள்' என்பது. அதனைப் பற்றியும், அதனைத் தேடும் முறையைப் பற்றியுமே இங்கு எழுதப் புகுகின்றேன். பூமியின் ஆழத்தில் இருந்து ஆகாயத்தை ஆராயும் இவ்வேலை முதன்முதலில் பலன் தந்த இடங்களுள் ஒன்று, தமிழ்த் தொழிலாளர் வெட்டிய குழி. ஆதலின் இவ்விஷயம் நமக்கு அந்நியமானதன்று.

இதனை எழுதும்படி என்னைத் தூண்டியவர் மரஞ்சீவி ஓய்ந்த ஒரு முதியவர். ஜாசின் பட்டணத்து ஒட்டுக்கடையில் இப்பேச்சு எழுந்தபோது அவர் கேட்டார்: "கிராணியாரே, எங்கள் தோட்டத்து மரத்தடி முனியை எவனும் கண்டதில்லை, ஆகையால் அது மூடநம்பிக்கை என்று உங்களைப் போன்ற படித்தவர்கள் சொன்னீர்கள். இப்போது நீர் சொல்லும் பொருளையும் எவனும் கண்டதில்லையாம். அதற்கு மாத்திரம் கோடிகோடியாய்ப் பணம் கொட்டிக் குழி வெட்டலாமோ? இரண்டுக்கும் என்ன பேதம்?" கேள்வி நியாயமானது. 'உமக்குப் புரியாது' என்று சொல்லி எழுந்து போவது படித்தவனுக்கு அழகன்று. ஒரு பெரியவர் கேட்ட கேள்விக்கு ஒழுங்கான விடை சொல்ல வேண்டுமானால், முதலில் பொருள் இன்னதென்று கூற வேண்டும்.

நாம் தொடுகின்ற மரமும் மண்ணும் இரும்பும் அணுக்களால் ஆனவை என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அணுவின் நடுவே ஒரு கரு உண்டு. அக்கரு புரோட்டான், நியூட்ரான் என்னும் இருவகைத் துகள்களால் ஆனது. இவற்றுக்கும் உட்பொருள் உண்டென்றும், அது குவார்க் எனப்படும் நுண்துகள் என்றும் 1964-ம் ஆண்டில் கெல்மான், ஸ்வைக் என்ற இரு அறிஞர் தனித்தனியே கூறினர். நம்மைச் சூழ்ந்துள்ள பொருள்களின் அணுக்கரு யாவும் 'மேல்', 'கீழ்' என்று பெயரிடப்பட்ட இரண்டு வகைக் குவார்க்குகளால் அமைந்தவை. மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. அதற்குத்தான் 'விந்தை' என்று பெயர்.

அப்பெயர் வந்த கதை இது. 1947-ம் ஆண்டில் மான்செஸ்டர் சர்வகலாசாலையில் ராச்செஸ்டர், பட்லர் என்ற இருவர், ஆகாயத்திலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களை முகிற்கூடம் என்ற கருவியில் படம் பிடித்தார்கள். அப்படங்களில் கவைக்கோல் போல் இரண்டாகப் பிரிந்த தடங்கள் தோன்றின. ஏதோ ஒரு புதிய துகள் பிறந்து, சிறிது தூரம் ஓடி, இரண்டாய்ச் சிதைந்திருக்கிறது. அதன் ஆயுள் ஒரு விநாடியை ஆயிரங்கோடிப் பங்காக்கினால் அதில் ஏறக்குறைய ஒரு பங்கு. நமக்கு அது கணமும் அன்று. ஆனால் கணக்குப்படி அது வாழ்ந்திருக்க வேண்டிய காலத்தைவிடப் பல கோடி மடங்கு அதிகம். இவ்வளவு நேரம் உயிர் வைத்திருப்பது விந்தையாக இருக்கிறதே என்றார்கள். அச்சொல்லே பெயராக நிலைத்துவிட்டது.

விந்தைக் குவார்க்கு கலந்த துகள்கள் நமக்குத் தெரிந்த மட்டில் அற்பாயுள் உடையவை. ஆனால் மூவகைக் குவார்க்குகளும் ஏறக்குறையச் சம அளவில் பெருந்திரளாகக் கூடினால், அத்திரள் அழியாமல் நிற்கலாம் என்றும், இரும்பின் கருவைக் காட்டிலும் உறுதியாக இருக்கலாம் என்றும் ஒரு கருத்து எழுந்தது. 1971-ம் ஆண்டில் போட்மர் என்பவரும், 1984-ம் ஆண்டில் எட்வர்ட் விட்டன் என்பவரும் இதனை ஆராய்ந்து எழுதினர். உண்மையாயின், பிரபஞ்சத்தின் ஆதி நாளில் தோன்றிய அத்தகைய கட்டிகள் இன்னும் ஆகாயவெளியில் திரிந்துகொண்டிருக்கலாம். செத்த நட்சத்திரங்கள் சிலவற்றின் வயிற்றிலும் அப்பொருள் இருக்கலாம். அதன் கனம் நம் கற்பனைக்கு எட்டாதது. ஒரு கன சென்டிமீட்டர், அதாவது ஒரு சிறு சர்க்கரைக் கட்டியளவு, சுமார் 36 கோடி டன் நிறுக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட கட்டி பூமிக்கு வந்தால் என்ன செய்யும்? அதே 1984-ம் ஆண்டில் டி ருஹுலா, கிளாஷோ என்ற இரு அறிஞர் அதற்கு விடை எழுதினர். விநாடிக்குச் சுமார் 250 கிலோமீட்டர் வேகத்தில் அது வரும். ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கனமுள்ள கட்டியானால், பூமியின் ஒரு பக்கத்தில் புகுந்து மறுபக்கத்தில் வெளியேறிவிடும். பூமியின் குறுக்களவு 12,700 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஆகவே அப்பயணம் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். கண்ணுக்குப் புலப்படாத அச்சிறு கட்டி தண்ணீரின் வழியே போகும்போது, தன் பாதையிலுள்ள நீரைக் கடுமையாகச் சூடாக்கி ஒளிவிடச் செய்யும். அவ்வொளியைக் காண்பதே தேடுவோரின் நோக்கம்.

இங்கே நியூட்ரினோக் கருவிகள் வருகின்றன. நியூட்ரினோ என்பது எதனோடும் எளிதில் உறவு கொள்ளாத துகள். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நம் விரல் நகத்தின் வழியே ஒவ்வொரு விநாடியும் 6,000 கோடிக்கு மேல் ஊடுருவிப் போகின்றன. நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. அத்துகளில் ஒன்றிரண்டையேனும் பிடிக்க வேண்டுமானால் மிகப் பெரிய கருவி வேண்டும். அப்பெரிய கருவி ஆழத்திலும் இருக்க வேண்டும். காரணம் யாதெனில், காஸ்மிக் கதிர்களால் பிறக்கும் மியூவான் என்னும் துகள்கள் நம் உள்ளங்கையின் வழியே விநாடிக்கு ஒன்றேனும் போய்க்கொண்டே இருக்கின்றன. லயத்தின் தகரக்கூரைமேல் மழை கொட்டும்போது முற்றத்தில் ஓர் இலை உதிரும் ஓசையைக் கேட்க முடியுமா? மழை ஓய வேண்டும்; அல்லது மழையோசை எட்டாத இடத்துக்கு நாம் போக வேண்டும். மியூவான் மழைக்கு ஓய்வே இல்லை. ஆகவே பாறைக்கடியில் போகிறார்கள். பாறை மியூவான்களைத் தடுத்துவிடும். நியூட்ரினோவையும், பூமியையே ஊடுருவ வல்ல கட்டியையும் தடுக்காது.

நியூட்ரினோவுக்காக விழித்திருக்கும் காவலாளி, அதே விழிப்பில் வேறு விருந்தாளி வந்தாலும் காண்பான். கருவியினுள் வழக்கமான துகள்கள் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் பாய்கின்றன. விந்தைக் கட்டியோ அதனினும் ஆயிரம் மடங்குக்கு மேல் மெதுவாக, ஆனால் மிகுந்த ஒளியுடன் செல்லும். ஆயர் குரோ நெடுஞ்சாலையில் விரைந்தோடும் மோட்டார் வண்டிகளுக்கிடையே ஒரு யானை நடந்து போனால் எவருக்கும் ஐயம் எழாது. தேடப்படும் அடையாளம் அத்தகையது.

நிற்க. இனித் தமிழர் வெட்டிய குழியைப் பற்றிக் கூறுவேன்.

மைசூர் ராஜ்யத்தில் கோலார் தங்கவயல் என்னும் இடத்தில், 1880-ம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் என்னும் ஆங்கிலக் கம்பெனியார் தங்கம் எடுக்கத் தொடங்கினர். வட ஆர்க்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் அங்கே சென்றனர். அவர்களில் பெரும்பாலோர் ஊரில் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள். ஏறக்குறைய அக்காலத்திலேதான் நம்மவர் இங்கும் வந்தனர். 1896-ம் ஆண்டில் டான் சே யான் என்ற சீனர் மலாக்காவில் புக்கிட் லிந்தாங் என்னுமிடத்தில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வியாபார ரப்பர்த் தோட்டத்துக்கு அதுவே தொடக்கம். என் பாட்டனாரும் வட ஆர்க்காட்டார்தாம். அவருடைய தமையனார் கோலாருக்குப் போனார். இவர் கப்பலேறி மலாக்காவுக்கு வந்தார். ஒரே திண்ணையில் உறங்கிய இருவரில் ஒருவர் பூமிக்குள் இறங்கினார். மற்றவர் கடலைக் கடந்தார். இருவரும் பிறகு சந்திக்கவேயில்லை என்று என் தாயார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கோலாரில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3,200 மீட்டர் ஆழம் வரை சென்றது. நம் ஜாசின் பக்கத்திலிருந்து காணும் லேடாங் மலையின் உயரம் 1,276 மீட்டர். அம்மலையைப் போல் இரண்டரை மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தலைகீழாய்ப் புதைத்தால் எவ்வளவு ஆழமோ அவ்வளவு ஆழம் அம்மனிதர் வெட்டினர். அடியில் பாறையின் சூடு 60 பாகைக்கு மேல். பாறை திடீரென்று வெடித்துப் புதைந்து மாண்டவர் பலர். கல்தூசி நுரையீரலில் படிந்து இருமி மாண்டவர் பலர். நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன் அளவுக்குத் தங்கம் எடுத்ததாகச் சொல்லுகிறார்கள். எடுத்தவர் வீட்டில் அதில் எத்தனை குன்றிமணி தங்கியது என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. பால்மரத்தைச் சீவியவர்களுக்கு அது தானே விளங்கும்.

1950-களின் தொடக்கத்தில் அக்குழிக்கு வேறொரு பயன் ஏற்பட்டது. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தை நிறுவிய ஹோமி பாபா, பி. வி. ஸ்ரீகண்டன் என்ற இளைஞரை, மியூவான்களை அளந்து வரும்படி கோலாருக்கு அனுப்பினார். பிறகு மேன்மேலும் ஆழத்தில் கருவிகளை இறக்கினர். ஆழம் மிக மிகத் துகள்கள் குறைந்துகொண்டே வந்தன. 1960-களின் தொடக்கத்தில் மிக ஆழமான இடத்தில் கருவியை வைத்தபோது வாரக்கணக்கில் ஒன்றுமே பதியவில்லை. வேறு யாராயினும் கருவி பழுது என்று மேலே தூக்கிவந்திருப்பர். அவர்கள் அந்த மௌனத்தையே ஒரு செல்வமாகக் கண்டனர். இவ்வளவு நிசப்தமான இடமானால், நியூட்ரினோவின் காலடியும் இங்கே கேட்குமன்றோ?

டாட்டா நிலையத்தார், ஜப்பானின் ஓசாகா நகரச் சர்வகலாசாலையார், இங்கிலாந்தின் டர்ஹாம் சர்வகலாசாலையார் ஆகிய மூன்று கூட்டத்தாரும் சேர்ந்து, சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில் ஒளிரும் பிளாஸ்டிக் பலகைகளையும் நியான் குழாய்களையும் சுவர்போல் நிறுத்தினர். மேலிருந்து வரும் மியூவான் செங்குத்தாகவே வரும். பக்கவாட்டில் கிடையாக ஒன்று வருமானால், அது அவ்வளவு நெடும் பாறையைக் கடந்து பிழைத்து வந்திருக்க முடியாது. அருகிலேயே ஒரு நியூட்ரினோ பாறையில் மோதிப் பிறப்பித்ததாகவே இருக்க வேண்டும். அவ்விதத் தடங்கள் கிடைத்தன. 1965-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அச்செய்தி பிரசுரமாயிற்று. அதே மாத இறுதியில் பிரெடரிக் ரெய்ன்ஸ் என்ற அமெரிக்கரின் கூட்டத்தார், தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் ராண்ட் தங்கச் சுரங்கத்தில் தாங்களும் கண்டதைப் பிரசுரித்தனர். காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை மனிதன் கண்டறிந்தது இவ்வாறே. இரண்டும் தங்கச் சுரங்கங்கள். இரண்டிலும் ஆழத்தை உண்டாக்கியவை கறுத்த கைகள்.

1975-ம் ஆண்டில் கோலார்க் கூட்டத்தார் வேறொன்றையும் வெளியிட்டனர். பாறையிலிருந்து புறப்படாமல், கருவிக்குள் வெறும் காற்றிலோ மெல்லிய பலகையிலோ ஓரிடத்திலிருந்து பல தடங்கள் கிளம்பிய சில நிகழ்ச்சிகள் பதிந்திருந்தன. அறிந்த துகள் எதனாலும் அவற்றை எளிதில் விளக்க முடியவில்லை. ஏதோ புதிய துகள் சிதைந்திருக்கலாம் என்று எழுதினர். 'கோலார் நிகழ்ச்சிகள்' என்று உலகம் அவற்றைப் பேசிற்று. மேனாடுகளில் பெரும் துகள் முடுக்கிகளில் தேடினார்கள். அப்புதிய துகள் அகப்படவில்லை. ஆனால் பதிந்தவை பதிந்தவையே. சுமார் 40 ஆண்டு கழித்து, 2014-ல் சென்னையிலுள்ள கணித விஞ்ஞான நிலையத்தைச் சேர்ந்த எம். வி. என். மூர்த்தியும் ஜி. ராஜசேகரனும், அவை பிரபஞ்சத்தின் மறைபொருளைச் சேர்ந்த துகள்களாக இருக்கலாமோ என்று மறுபடியும் வினவினர். தீர்ப்பு இன்னும் எழுதப்படவில்லை.

1980-ல் புரோட்டான் தானே சிதையுமா என்று காண, அதே சுரங்கத்தில் 140 டன் கருவி ஒன்றை வைத்தனர். 1985-ல் 260 டன் எடையில் இன்னொன்று. மெதுவாய்ச் செல்லும் கனத்த துகள்களுள் ஒன்றாகிய காந்த ஒருமுனைத் துகளையும் அங்கே தேடி, 'காணோம். இருந்தால் இவ்வளவுக்கு மேல் இராது' என்று 1984-ல் கணக்குக் கொடுத்தார்கள். புரோட்டான் விஷயத்தில் சில தடங்களைக் கண்டு, சிதைவாக இருக்கலாம் என்று அறிவித்தனர். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அதனினும் பெரிய கருவிகள் எழுந்து ஆராய்ந்தபோது அக்கருத்துக்கு ஆதரவு கிடைக்கவில்லை. விஞ்ஞானத்தில் ஒருவன் தன் சாட்சியைத் தானே தீர்ப்பாக்கிக்கொள்ள முடியாது.

கோலார் காட்டிய வழியில் பிற நாட்டார் பெரும் காவற்கூடங்கள் அமைத்தனர். இத்தாலியில் கிரான் சாஸ்ஸோ மலைக்கடியில் மாக்ரோ என்னும் கருவி 1989 முதல் 2000 வரை காந்த ஒருமுனைத் துகளையும் விந்தைப் பொருட்கட்டிகளையும் எதிர்பார்த்து விழித்திருந்தது. மத்தியதரைக் கடலின் ஆழத்தில் ஆண்டாரஸ் என்னும் கருவி 2022 வரை விழித்திருந்தது. இந்தியாவில் கல்கத்தா போஸ் நிலையத்தார், தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த டார்ஜிலிங்கில், பூமிக்கடியில் புகாமல் மலைமேலேயே பிளாஸ்டிக் தகடுகளை விரித்து, இலேசான விந்தைத் துகள்களின் வடுவைத் தேடினர். எங்கும் விடை ஒன்றே: ஐயமற நிலைநாட்டத் தக்க விதத்தில் இதுவரை எதுவும் வரவில்லை.

'அத்தனை பாடும் வீண்' என்று சிலர் சொல்லக்கூடும். இவ்விடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். ரப்பர் ஸ்டோருக்குக் காவலாளி ஒருவனை வைக்கிறோம். அவன் ஒருநாள் ஒரு வாயிலை மாத்திரம் பார்த்து, 'திருடன் வரவில்லை' என்றால் அதற்கு மதிப்பில்லை. நான்கு வாயில்களையும் பத்து வருஷம் பார்த்து, ஒவ்வொரு மாலையும் விளக்கு எரிகிறதா, தன் கண் தெரிகிறதா என்று சோதித்து, அதன்பின் 'வரவில்லை' என்றால், அது ஒரு செய்தி. மாக்ரோவின் 'இல்லை' அத்தகையது. அது தேடிய அளவுள்ள விந்தைக் கட்டிகள், ஓர் ஏக்கர் நிலத்தின் மீது ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றிரண்டுக்கு மேல் விழ முடியாது என்பது அதன் முடிவிலிருந்து கிடைக்கும் கணக்கு. ஏக்கர் கணக்கு அறிந்த நமக்கு இதனை விளக்கத் தேவையில்லை. அண்டத்தில் கண்ணுக்குத் தெரியாமல் நிறைந்துள்ள மறைபொருள் முழுவதும் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான விந்தைக் கட்டிகளே என்று ஒருவர் சொன்னால், 'அப்படியானால் அவை இதைவிட அடிக்கடி வந்திருக்க வேண்டுமே' என்று அந்த ஏட்டைக் காட்டி மறுக்கலாம். கனத்த கட்டிகள் அரிதாகவே வரும். அவற்றுக்கு இன்னும் வாயில் திறந்தே இருக்கிறது.

இனி அம்முதியவருக்கு நான் சொன்ன விடை. "ஐயா, முனியைப் பற்றிப் பேசுவோர், இன்னது நடந்தால் முனி இல்லை என்று ஒப்புக்கொள்வோம் என்று முன்கூட்டியே சொல்வதில்லை. மழை பெய்தால் அவர் கருணை. பெய்யாவிட்டால் அவர் கோபம். எது நேர்ந்தாலும் கணக்கு ஒன்றே. இவர்களோ, வந்தால் இவ்வளவு ஒளியும் இவ்வளவு வேகமும் தெரியும் என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதுகிறார்கள். இந்த ஏட்டை மாற்றானும் வந்து புரட்டிப் பார்க்கலாம். காணாததைப் பற்றிப் பேசுவதில் இருவரும் ஒன்றே. கணக்குக் காட்டுவதில் வேறு."

அவர் விட்டாரில்லை. "ஒருநாளும் வராதவன் பெயரை ஏன் இன்னும் ஏட்டில் வைத்திருக்கிறீர்கள்?" என்றார். அதற்கும் சரித்திரத்தில் விடை உண்டு. நியூட்ரினோ உண்டென்று பௌலி என்பவர் 1930-ல் சொன்னார். அதனை முதலில் கண்டது 1956-ல். இருபத்தாறு வருஷம் அதுவும் வராதவன் பட்டியலில்தான் இருந்தது. ஜப்பானில் காமியோக்காச் சுரங்கத்தில் புரோட்டான் சிதைவைத் தேடி ஒரு தண்ணீர்க் கருவி அமைத்தார்கள், தேடியது கிடைக்கவில்லை. ஆனால் 1987-ம் ஆண்டு பிப்ரவரி 23-ல், சுமார் 1,60,000 ஒளியாண்டு தொலைவில் வெடித்த ஒரு நட்சத்திரத்தின் நியூட்ரினோக்கள் பதினொன்று அதில் பதிந்தன. அதன் பின்வந்த சூப்பர் காமியோக்காண்டே, 1,000 மீட்டர் ஆழத்தில் 50,000 டன் தண்ணீரை வைத்துக்கொண்டு, நியூட்ரினோவுக்கு எடை உண்டென்பதை 1998-ல் காட்டிற்று. கோஷிபாவுக்கு 2002-லும் கஜிட்டாவுக்கு 2015-லும் நோபெல் பரிசு கிடைத்தது. நேர்மையாக விழித்திருந்தவனுக்குத் தேடியது கிட்டாவிட்டாலும் தேடாதது கிட்டும். பெரியவர் சிரித்து, "விழிப்புக்குத்தான் கூலி என்கிறீர்" என்றார். என் நீண்ட விளக்கத்தைவிட அவர் வாக்கியம் செவ்வையானது.

கோலாரில் அவ்விழிப்பு 1992-ல் நின்றது. சுரங்கமே 2001-ம் வருஷம் பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. வேலையிழந்தவர்களின் பிள்ளைகள் பிழைப்புத் தேடி நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய்வருகிறார்கள். இங்கே நம் மலாக்காத் தோட்டங்களிலும் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல லயங்கள் இருந்த இடம் தெரியாமல் போயின. அவற்றில் பிறந்தவர்கள் பட்டண ஓரத்து வீடுகளில் வாழ்கிறார்கள். கோலார்த் தங்கம் கப்பலேறிப் போயிற்று; நம் ரப்பரும் அவ்வாறே. அக்குழியிலிருந்து கிடைத்த அறிவு மாத்திரம் எந்தப் பங்குதாரனுக்கும் சொந்தமாகவில்லை. உலகத்துப் பௌதிக நூல்களில் கோலார் என்ற பெயர் இன்றும் நிற்கிறது. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. விஞ்ஞானிகளின் பெயர்கள் கட்டுரைகளின் தலைப்பில் அச்சாகியிருக்கின்றன. 2,300 மீட்டர் ஆழத்தை முதலில் உண்டாக்கிக் கொடுத்தவர்களின் பெயர்கள் கம்பெனியின் செக்ரோலில்தான் இருந்தன. அதனாலேயே விஞ்ஞானம் நமக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதில் நமக்கும் பங்குண்டு என்று உரிமையோடு சொல்லத்தான் இதனை நினைவூட்டுகிறேன்.

அவ்வுரிமையின் மறுபுறத்தையும் பேச வேண்டும். கோலாருக்குப் பின், தமிழ்நாட்டில் தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்தருகே, போடி மேற்கு மலைக்கடியில் 50,000 டன் இரும்புக் கருவியுடன் நியூட்ரினோக்கூடம் அமைக்க 2015-ம் ஆண்டில் மத்திய அமைச்சரவை அனுமதி தந்தது. மலைக்கும் தண்ணீருக்கும் காட்டுக்கும் கேடு வருமோ என்று சுற்றிலுமுள்ள மக்கள் அஞ்சினர். கிளர்ச்சியும் வழக்கும் எழுந்தன. 2022-ல் தமிழ்நாடு அரசாங்கம் உச்ச நீதிமன்றத்தில் தன் மறுப்பைத் தெரிவித்தது. அத்திட்டம் தடைப்பட்டது. நியூட்ரினோவால் ஆபத்து என்று சிலர் பரப்பியது ஆதாரமற்றது. அது நம்மை நாள்தோறும் ஊடுருவிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் எத்தனை லாரி பாறை வெளியேறும், எங்கே கொட்டுவீர்கள், எங்கள் ஓடை என்னாகும் என்று ஓர் உழவன் கேட்டால், அதுவும் அளந்து விடை சொல்ல வேண்டிய கேள்விதான். அவ்விடையை அவன் மொழியில் சொல்லுவது விஞ்ஞானியின் கடமை. நூறு வருஷம் குழிக்குள் இறக்கப்பட்ட சமூகம், இனி வெட்டப்படும் குழியைப் பற்றிக் கேள்வி கேட்பதில் தவறில்லை.

மொழி என்றதும் நம் நாட்டு நிலையையும் எண்ண வேண்டியிருக்கிறது. 2003-ம் ஆண்டு முதல் சில காலம் மலேசியப் பள்ளிகளில் விஞ்ஞானமும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அக்காலத்தில் படித்தவர்களில் நானும் ஒருவன். குவார்க்கைப் பற்றி ஆங்கிலத்தில் பரீட்சை எழுத எனக்குத் தெரியும்; அதையே ஒட்டுக்கடையில் ஒரு தமிழ்ப் பெரியவருக்கு விளக்கச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருந்தது. தகரக்கூரையும் காவலாளியும் செக்ரோலும் துணைக்கு வந்தன. அவ்வாறு சொல்லிப் பார்த்தபோதுதான் அப்பாடம் எனக்கே முழுதும் விளங்கிற்று. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலும் பட்டணத்துத் தமிழ்ப்பள்ளியிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு, நியூட்ரினோவை முதலில் கண்ட குழிகளில் ஒன்றை வெட்டியவர்கள் அவர்கள் உறவினர் என்பதை ஆசிரியர்கள் சொல்ல வேண்டும். அச்செய்தி ஒரு பாடநூல் முழுவதற்கும் சமம்.

விந்தைப் பொருள் நாளை வரலாம். நூறு வருஷம் கழித்து வரலாம். ஒருபோதும் வாராமலும் இருக்கலாம். அது இயற்கையின் விருப்பம். நம் கையில் இருப்பது ஏடு ஒன்றே. காணாததைக் கண்டேன் என்று எழுதாமலும், இதுவரை காணாத காரணத்தாலேயே இல்லை என்று சாதிக்காமலும், பார்த்த அளவை மாத்திரம் பார்த்தபடி எழுதுகின்ற பழக்கம் ஒரு சமூகத்தில் வேரூன்றுமானால், அதனை ஏமாற்றுவது எவர்க்கும் எளிதன்று. மந்திரவாதியும் ஏமாற்ற முடியாது. வாக்குக் கேட்டு வருபவனும் ஏமாற்ற முடியாது. கூலிக் கணக்கில் கைவைப்பவனும் ஏமாற்ற முடியாது. இப்பழக்கத்துக்குப் பெருங்கருவிகள் வேண்டா. ஒரு பென்சிலும், ஒரு தாளும், மறுநாளும் அதே நேரத்தில் சென்று பார்க்கும் பொறுமையும் போதும். அவற்றை நம் பிள்ளைகளின் கையில் கொடுப்போமாக.